கழுவாத பாட்டில்

1

இந்தக் கதையை எழுதத் தாருங்கள் என்று நான் யாரிடமும் போய் நிற்கவில்லை. என் தலையில் கட்டினார்கள்.

கட்டியவர் எங்கள் ஊருக்குச் சுகாதாரத் தொண்டர் பயிற்சி நடத்த வந்தவர். சட்டைப் பையில் எந்நேரமும் நாலு நிற மார்க்கர் பேனாக்கள் குத்திட்டு நிற்பதால் அவருக்கு மார்க்கர் சார் என்று பெயர். வைத்தது யார் என்று கேட்காதீர்கள், தன்னடக்கம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"இந்தத் தெருவுல எந்த வீட்டு விஷயம்னாலும் உங்களைத்தான் கேக்கணுமாமே?"

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா, சண்டைக்கு இழுப்பதா என்று நான் முடிவு செய்வதற்குள் ஒரு தாளை நீட்டினார். மேலே 'வெற்றிக் கதை' என்று அச்சடித்திருந்தது. கீழே இரண்டு கட்டங்கள். ஒன்றில் 'முன்பு', இன்னொன்றில் 'பிறகு'.

"ஒரு பக்கம் போதும்மா. கெட்ட தண்ணி நல்ல தண்ணியாச்சு, தொண்டர்கள் பாடுபட்டாங்க. அவ்வளவுதான். மேலிடத்துல படிச்சா கண்ணு கலங்கணும்."

"நடந்ததை எழுதணுமா, கலங்கற மாதிரி எழுதணுமா?"

"ரெண்டும்," என்றார், ஏதோ இரண்டும் ஒரே கடையில் கிடைக்கும் சரக்கு மாதிரி.

அந்தத் தாள் இன்னமும் என் மேஜையில்தான் கிடக்கிறது. 'முன்பு' நிரம்பி, ஓரமெல்லாம் வழிந்து, பின்பக்கமும் போய்விட்டது. 'பிறகு' காலியாக இருக்கிறது. நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அந்த வழிந்த பாகம்.

2

முதல் தொடக்கம்: அதிகாலைக் கதிரவன் கிணற்றடியில் பொன்னைத் தூவியபோது, தொண்டர் படை ஒன்று

[நிறுத்திவிட்டேன். எங்கள் கிணற்றடிக்குக் கதிரவன் பத்து மணிக்குத்தான் வருவார், அடுத்த வீட்டு மாடி மறைக்கிறது. அந்த மாடியை அனுமதி இல்லாமல் கட்டிய கதை வேறு. கேட்டால் சொல்கிறேன். கேட்காவிட்டாலும் சொல்வேன், ஆனால் இங்கே இல்லை.]

இரண்டாவது தொடக்கம்: தண்ணீர் என்பது உயிர். உயிர் என்பது

[உயிர் என்பது என்ன என்று எனக்குத் தெரியாது. மார்க்கர் சார் சார்ட்டில் எழுதியிருந்த வரி இது. அவருக்கும் தெரியாது.]

மூன்றாவது தொடக்கம்: ஒரு வீட்டில் இரண்டு ஓரகத்திகள் இருந்தார்கள்.

இது சரி. இரண்டு ஓரகத்திகள் இருக்கிற வீட்டில் கதைக்குப் பஞ்சம் வந்ததாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே அந்த வீடு. (நான் எட்டிப் பார்க்கிறவள் இல்லை. ஜன்னலை அங்கே வைத்தது கொத்தனார்.) அண்ணன் தம்பி இரண்டு பேர். ஒரே வாசல், இரண்டு அடுப்பு, நடு முற்றத்தில் ஒரு கிணறு. அந்தக் கிணற்றில்தான் தெருவே குடிக்கிறது, நான் உட்பட.

அண்ணன் பெண்டாட்டி பளிச்சு. அவள் தேய்த்த பாத்திரத்தில் முகம் பார்த்துத் தலை சீவலாம். நடந்து போகிற பூனையையும் துடைத்து அனுப்புவாள். தெருவிலேயே முதலில் கழிப்பறை கட்டியவள் அவள்தான். அதை ரிப்பன் வெட்டித் திறந்தவர் மார்க்கர் சார். வாசலிலிருந்து பார்த்தால் எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்று முற்றத்திலேயே கட்டினாள். குழி தோண்ட வேறு இடம் இல்லாததால் கிணற்றை ஒட்டித் தோண்டினார்கள். ரிப்பன் வெட்டுகிறவர்கள் குழியைப் பார்ப்பதில்லை.

தம்பி பெண்டாட்டி அப்புறக்காரி. எதைச் சொன்னாலும் "அப்புறம்" என்பாள். துணி காய்ந்துவிட்டது, எடு என்றால் அப்புறம். மழை வருகிறது, எடு என்றாலும் அப்புறம். நனைந்த பிறகு, "எப்படியும் இன்னொரு தடவை காயத்தானே போகுது" என்பாள். அவளுக்கு ஒரே ஒரு பெண் குழந்தை. பாப்பாவுக்கு வயிறு ஒரு வாரம் சரியாக இருந்தால் மறு வாரம் போய்விடும். போன மாதம்தான் ஆஸ்பத்திரியில் படுத்து, கையில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு வந்தது.

3

அப்புறக்காரி ஏன் பயிற்சியில் சேர்ந்தாள்? இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே நம்பிக்கை வரவில்லை. சோம்பேறி எதற்குத் தொண்டர் ஆகிறாள்? 'பயிற்சியில் டீயும் நாற்காலியும் தருகிறார்கள் என்பதால் சேர்ந்தாள்' என்று முதலில் எழுதினேன். எழுதிய பக்கத்தை மேஜையில் விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போன நேரத்தில் அவளே வந்து படித்துவிட்டாள்.

"பாப்பாவுக்காகத்தான் சேந்தேன். ஏன் அடிக்கடி போகுதுன்னு ஆஸ்பத்திரியில கேட்டா, தண்ணியைப் பாருங்கன்னாங்க. எப்படிப் பாக்கறதுன்னு யாரும் சொல்லலை. இவங்க சொல்லித் தரேன்னாங்க."

"அப்ப டீயை அடிச்சிடட்டுமா?"

"எதுக்கு? அதுவும் நிஜந்தானே. இருக்கட்டும்."

இருக்கட்டும்.

பயிற்சி பள்ளிக்கூடத்துப் பெரிய அறையில் நடந்தது. நானும் போனேன், தொண்டராக இல்லை, சும்மா. குழு பிரிப்பது, குழுவுக்குப் பெயர் வைப்பது, பெயரைச் சார்ட்டில் எழுதுவது, சார்ட்டைச் சுவரில் ஒட்டுவது, ஒட்டியதற்குக் கை தட்டுவது. இதிலேயே முதல் நாள் போனது. கைதட்டலும் சாதாரணக் கைதட்டல் இல்லை. மழைத் தட்டு என்று ஒன்று. முதலில் ஒரு விரலால் உள்ளங்கையில் தட்ட வேண்டும், பிறகு இரண்டு விரல், மூன்று, நாலு, கடைசியில் முழுக் கை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தூறல் பெருமழையாகிற மாதிரியே இருக்கும். கண்ணைத் திறந்தால் வளர்ந்த மனிதர்கள் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாம் நாள் பாத்திரம் கழுவுவது. சோப்பு, பிரஷ், மூன்று தண்ணீர். பளிச்சுவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பரீட்சைக் கேள்வித்தாள் முன்கூட்டியே கிடைத்த பிள்ளை மாதிரி.

மூன்றாம் நாள் தண்ணீர்ச் சோதனை. ஆளுக்கு ஒரு குட்டிப் பாட்டில்.

"கையை நல்லாக் கழுவிட்டு, கோடு வரைக்கும் தண்ணி பிடிச்சு, மூடி, சூடான இடத்துல வைங்க. ரெண்டு நாள்ல கறுத்தா தண்ணி கெட்டதுன்னு அர்த்தம். கிணத்துக்குச் சிவப்புத் தகடு. கறுக்கலைன்னா நல்ல தண்ணி, பச்சைத் தகடு. சிவப்புத் தகடு இருக்கற தெருவுக்குத்தான் முதல்ல குழாய் வரும்."

வெளியே வண்டி ஹாரன் அடித்தது. அடுத்த ஊரிலும் பயிற்சியாம். கடைசிச் சார்ட்டைப் பிரிக்காமலே சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடினார்.

4

கிணற்றடியில் தொண்டர்கள் கூடினார்கள். பாட்டிலைத் திறந்த பளிச்சு முகத்தைச் சுளித்தாள்.

"இதென்னடி, புதுசுன்னு குடுத்துட்டு அடியில என்னமோ அப்பிக்கிட்டிருக்கு?"

எல்லாரும் திறந்து பார்த்தார்கள். எல்லாப் பாட்டிலிலும் அடியில் பழுப்பாக, காய்ந்து ஒட்டிய பொடி.

"பழைய பாட்டிலை நம்ம தலையில தள்ளிட்டாங்க போல," என்றாள் டீக்கடைக்காரர் பெண்டாட்டி.

"கையை மட்டும் கழுவிட்டு அழுக்குப் பாட்டில்ல பிடிச்சா ஆச்சா? நேத்து முழுக்க என்ன படிச்சோம்?" என்றாள் பளிச்சு.

அதற்கப்புறம் நடந்த கழுவலை நான் என்னவென்று எழுதுவது! பாட்டில் வாய்க்குள் பிரஷ் போகவில்லை என்று குச்சியில் துணி சுற்றிக் குடைந்தார்கள். சோப்புப் போட்டு ஊற வைத்தார்கள். ஒருத்தி பக்கத்தில் இருந்தவளின் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்து, "உங்களுது இன்னும் போகலை" என்று சொல்ல, பக்கத்தில் இருந்தவளோ மானம் போன மாதிரி மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். பொடி இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

[அந்தப் பொடியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தேர்ந்த எழுத்தாளர் யாரும் இப்படிச் சொல்லிக் கொடுக்க மாட்டார், நீங்களே கண்டுபிடிக்கட்டும் என்று விடுவார். என்ன செய்வது, எனக்கு எதையும் வாய்க்குள் வைத்துக்கொண்டு பழக்கம் இல்லை.]

அப்புறக்காரி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ கழுவலையா?" என்றாள் பளிச்சு.

"அப்புறம் கழுவறேன்க்கா."

"தண்ணி பிடிச்சப்புறம் எப்படிடி கழுவுவ?"

"சோதனைக்குத்தானே. இதுல ஊத்திக் குடிக்கவா போறோம்?" என்று கைக்கெட்டிய வாளியிலிருந்து அப்படியே கோடு வரைக்கும் ஊற்றி, மூடி, அடுப்பு மேடை ஓரமாக வைத்துவிட்டுப் பாப்பாவோடு படுக்கப் போய்விட்டாள்.

5

இரண்டு நாள் கழித்து எல்லாப் பாட்டிலும் கண்ணாடி மாதிரி இருந்தன. ஒன்று மட்டும் கன்னங்கரேல். மூடியைத் திறந்தால் அழுகின முட்டை நாற்றம்.

யாருடையது என்று நான் சொல்ல வேண்டுமா?

ஒரே கிணறு. பளிச்சுவின் பாட்டில் தெளிந்த நீர், அப்புறக்காரியின் பாட்டில் மை. சந்தேகம் வந்திருக்க வேண்டாமா யாருக்காவது? வந்தது. தண்ணீர் மேல் இல்லை, அவள் மேல்.

"கழுவாத பாட்டில் கறுக்காம வேற என்ன பண்ணும்?"

"அழுக்கோட பிடிச்சா அழுக்குதானே வரும். இதுக்கு ஒரு சோதனை வேணுமா?"

"தொண்டராம் தொண்டர்! ஊர் மானத்தை வாங்கவே வந்திருக்கா."

மார்க்கர் சார் வந்தார். அவரிடம் விஷயம் போன விதம் இது: "எல்லாம் நல்லா இருக்கு சார். ஒண்ணு மட்டும் கழுவலை சார்." அவர் காதில் விழுந்தது முதல் வாக்கியம் மட்டும். கிணற்றுக்குப் பச்சைத் தகடு, நாலு நாளில் விழா, அதிகாரி வருகிறார் என்று அறிவித்தார். மழைத் தட்டுத் தட்டினார்கள். அந்தக் கையோடுதான் என் வீட்டுக்கு வந்து அந்தத் தாளைக் கொடுத்தார்.

இங்கே பளிச்சுவைப் பற்றி ஒன்று. இதுவரை எழுதியதை அவளும் வந்து படித்தாள்.

"என்னைப் பாவி மாதிரி எழுதியிருக்க."

"நடந்ததைத்தானே எழுதினேன்?"

"பாப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினது யாரு? அதையும் எழுது. அவ செருப்பைத் தேடிட்டிருந்தா."

நிஜம். பளிச்சுவுக்குப் பிள்ளை இல்லை. பாப்பா பாதி நாள் பெரியம்மா மடியில்தான் கிடக்கும். டிரிப்ஸ் ஏறிய அன்று கட்டிலை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தவள் பளிச்சுதான். இவளைக் கெட்டவளாக எழுதினால் கதை எவ்வளவு சுலபமாகப் போகும்! விடமாட்டேன் என்கிறாள்.

6

இப்போது சுவரோரம் நடந்த பேச்சு. நான் காய்கறித் தோலைக் கொட்டப் போயிருந்தேன். கொட்ட இவ்வளவு நேரம் ஆகுமா என்று கேட்டால், தோல் நிறைய இருந்தது.

"சார், ஒரு சந்தேகம். பாட்டில் அடியில ஒரு பொடி இருந்துச்சே, அது என்ன?" என்றாள் அப்புறக்காரி.

மார்க்கர் சார் முகம் மலர்ந்தது. முதன்முதலாக ஒருத்தி சந்தேகம் கேட்கிறாள்!

"அதுதான்மா மருந்தே. தண்ணியில மலத்துக் கிருமி இருந்தா அந்த மருந்தோட சேந்து கறுக்கும். மருந்து இல்லைன்னா சாக்கடைத் தண்ணியை ஊத்தினாக்கூட..."

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் முடித்து வைக்கப் போவதில்லை.

"எல்லாரும் அதை அழுக்குன்னு தேச்சுக் கழுவிட்டாங்க சார்."

"நீ?"

"நான் சோம்பேறி சார்."

அவர் பையிலிருந்து ஒரு மார்க்கரை எடுத்து, திறந்து, மூடி, மறுபடி பையில் வைத்தார்.

"கிணத்துக்குப் பச்சை போடாதீங்க சார். சிவப்புப் போட்டாத்தான் குழாய் வரும். குழந்தை இருக்கற வீடு."

"புதுப் பாட்டில் வரணும்மா. மேல சொல்லியாச்சு, பந்தல் போட்டாச்சு. இப்பப் போய்... விழா முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

அப்புறக்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தன் புடவையை வேறொருத்தி கட்டிக்கொண்டு வந்து நின்றால் பார்ப்போமே, அந்தப் பார்வை.

7

நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று தெரியும். கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டியதுதானே?

வைத்தாள் ஐயா, வைத்தாள். அவள் 'அப்புறம்' என்று சொல்லாத ஒரே விஷயம் அதுதான். ஆனால் பாப்பா பெரியம்மா பானையில் மொண்டு குடிக்கும். "அக்கா, நீங்களும் கொதிக்க வைங்க" என்றதற்குப் பளிச்சு, "என் பானையைப் பாத்து அழுக்குங்கறியா? நீயா?" என்று இரண்டு நாள் பேசவில்லை. பொடிதான் மருந்து என்று விளக்கவில்லையா? விளக்கினாள். "நீ கழுவாததுக்கு நல்ல சாக்கு கண்டுபிடிச்சிருக்க" என்றார்கள்.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். நானும்தான் சொன்னேன், வீடு வீடாகப் போய். சுவரோரம் கேட்டதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்றார்கள். மாடி வீட்டுக் கதையை நான் சொன்னபோது காதைத் தீட்டிக்கொண்டு கேட்டவர்கள்! பிரஷ் பிடித்துத் தேய்த்த கைகள் அல்லவா, ஒப்புக்கொள்ளுமா?]

எனக்கு எரிச்சல் என்றால் சாதாரண எரிச்சல் இல்லை. வில்லன் இல்லாத கதையில் எரிச்சலை எங்கே கொண்டுபோய் வைப்பது? எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் பாடுபட்டார்கள். மூன்று நாள் கற்றதை ஒன்று விடாமல் செய்தார்கள். அதுதான் வினை.

8

விழா. முற்றத்தில் பந்தல். கிணற்றுச் சுவரில் ஆணியில் தொங்கிய தகட்டை ஒரு துண்டால் மூடியிருந்தார்கள், திறந்து வைப்பதற்கு. அதிகாரி உட்கார்ந்திருந்தார். மார்க்கர் சார் மைக் பிடித்திருந்தார், பையில் நாலு மார்க்கரும் இருந்தன, முகத்தில்தான் ஒரு நிறமும் இல்லை. அப்புறக்காரி கடைசி வரிசையில் ஒரு நாற்காலியில்.

புகைப்படம் எடுக்க வந்தவர் சொன்னார்: "குழந்தை ஒண்ணு இந்தக் கிணத்துத் தண்ணியைக் குடிக்கற மாதிரி எடுத்தா பிரமாதமா இருக்கும்."

பளிச்சு வாளியை இறக்கினாள். தான் தேய்த்ததிலேயே மிகப் பளபளப்பான டம்ளரில் தண்ணீரை ஊற்றினாள்.

"வாடா செல்லம். பெரியம்மா தரேன்."

பாப்பா ஓடியது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தது. புகைப்படக்காரர் ஒரு காலை மடக்கி உட்கார்ந்தார்.

அப்புறக்காரி எழுந்தாள். இந்தத் தெருவுக்கு அவள் வந்த நாளாக அவளை அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. ஓடவில்லை, கத்தவில்லை. கத்தினால் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். நேராகப் போய்ப் பாப்பாவின் கையிலிருந்த டம்ளரை வாங்கினாள்.

"அப்புறம் குடிக்கலாம் கண்ணு."

பளிச்சுவின் முகம் சிவந்தது. "என்னடி இது, சபையில?"

"தப்பா நினைக்காதீங்கக்கா. வெயில் மழை பாக்காம, தொண்டை கிழியப் பேசினது யாரு? சார்தானே? அவருக்குக் குடுக்காம நம்ம வீட்டுக் குழந்தைக்கு முதல்ல குடுத்தா நல்லாவா இருக்கு?" என்று மேடைப் பக்கம் திரும்பினாள். "சார், முதல் டம்ளர் உங்களுக்கு."

"ஆமா ஆமா, சார்தான் குடிக்கணும்!" என்று பந்தல் முழுக்கக் குரல். அதிகாரி தலையாட்டினார். புகைப்படக்காரர் திரும்பி உட்கார்ந்தார்.

டம்ளர் மார்க்கர் சார் கைக்குப் போயிற்று.

யாரோ ஒருவர் உள்ளங்கையில் ஒரு விரலால் தட்ட ஆரம்பித்தார். அவர் சொல்லிக் கொடுத்ததுதான். பிறகு இரண்டு விரல். மூன்று. தூறல் வலுத்தது. அந்தப் பந்தலில் மூன்று பேருக்குத்தான் விஷயம் நிச்சயம்: அவருக்கு, அவளுக்கு, காய்கறித் தோல் கொட்டப் போன எனக்கு. நாலு விரல். அவர் டம்ளருக்குள் பார்த்தார். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. அதுதான் அதில் பெரிய தொல்லை.

9

முடிவு ஒன்று: குடித்துவிட்டார். துண்டு விலகியது, பச்சை. அடுத்த ஊர்ப் பயிற்சிக்கு அவரால் போக முடியவில்லை, எதனால் என்று ஊருக்கே

[இது பழிவாங்கல். சிரிப்பீர்கள், மறப்பீர்கள். கிணறு அப்படியே இருக்கும்.]

முடிவு இரண்டு: மைக்கைப் பிடித்து, "தப்பு என்னுது. நான்தான் கடைசிச் சார்ட்டைப் பிரிக்கலை" என்றார். பளிச்சு அப்புறக்காரியைக் கட்டிக்கொண்டு

[மேலிடத்தில் கண் கலங்கும். ஆனால் தன் கழிப்பறைக் குழிதான் கிணற்றைக் கெடுத்தது என்று சபை நடுவில் கேட்ட பளிச்சு யாரையாவது கட்டிக்கொள்வாளா? அவளை எனக்குத் தெரியும்.]

முடிவு மூன்று: டம்ளர் கை தவறிக் கீழே

[வெட்கமாக இல்லையா எனக்கு? எதிலிருந்தாவது தப்பிக்க வேண்டுமென்றால் உடனே ஏதாவது ஒன்றைக் கீழே போட்டு உடைப்பது. அதுவும் எவர்சில்வர் டம்ளர். உடையக்கூட உடையாது.]

10

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு கொதிக்கிறது என்பதைக்கூட வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவள், இதை மட்டும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். சொன்னால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டேன்: 'அப்படியா, பாவம்' என்பார்கள், 'பிறகு' கட்டத்தில் நிரப்புவார்கள், கை தட்டுவார்கள்.

பாப்பா அன்று அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. இது மட்டும் உறுதி. எழுதிக்கொள்ளுங்கள்.

மற்றபடி, இவ்வளவு தூரம் படித்துக்கொண்டே வந்துவிட்டீர்கள். தொண்டை காய்ந்திருக்கும். என் வீட்டு வாசல் வரைக்கும் வந்தவரை வெறும் வாயோடு அனுப்பிப் பழக்கமில்லை. உட்காருங்கள். இந்தாருங்கள், தண்ணீர். டம்ளரைப் பாருங்கள், பளிச்சுவே தேய்த்த மாதிரி இருக்கிறது. எதிர்வீட்டுக் கிணற்றிலிருந்து காலையில் இறைத்ததுதான்.

கொதிக்க வைத்தேனா என்று கேளுங்களேன். கிணற்றில் என்ன நிறத் தகடு தொங்குகிறது என்று கேளுங்களேன்.

கூச்சமாக இருக்கிறதா? கொடுத்த தண்ணீரைப் பற்றிக் கேட்டால் மரியாதையாக இருக்காது என்று தோன்றுகிறதா?

அந்தப் பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் அப்படித்தான் தோன்றியது. டம்ளர் இப்போது உங்கள் கையில்.